பார்த்ததைக் கீறு

ரியோ இலையின் மேற்பக்கம் பச்சை, அடிப்பக்கம் ஊதா. மாத்தளைப் பக்கம் கோயில் வாசலிலும் கந்தோர் முற்றத்திலும் வீட்டுப் படியோரத்திலும் வரம்பு கட்டியதுபோல நட்டு வைத்திருப்பார்கள். பதினேழு வயதுவரை அதை ஓர் அழகுச் செடி என்றே நினைத்திருந்தேன். 1993ஆம் ஆண்டு ஒருநாள் அந்த இலையின் ஊதாத் தோலை உரித்து, கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீர் விட்டுப் பரப்பி, நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தச் செடியைத் தாண்டிப் போகும்போது கை தானாக நீண்டு ஓர் இலையைத் தொட்டுவிடும்.

எங்கள் வீடு எல்கடுவைப் பக்கத் தோட்டம் ஒன்றில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, பிறகு பஸ் ஏறிப் போய் இன்னொரு பாடசாலையில் ஓ.எல். எழுதினேன். அந்தப் பாடசாலையிலும் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. மரப்பெட்டிக்குள், பூட்டிய அலுமாரிக்குள், பதிவேட்டில் இலக்கத்தோடு இருந்தது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் எவரும் அதை வெளியே எடுத்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை சாமான் கணக்கெடுக்க வருகிறவர் பெட்டியைத் திறந்து பார்த்து, சரி என்று கோடிட்டு மூடுவார். கணக்கெடுத்தவரைத் தவிர அதன் முகத்தைப் பார்த்தவர்கள் அங்கே இல்லை. நாங்கள் கலத்தைக் கரும்பலகையில்தான் கண்டோம். வட்டமாக ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி, பக்கத்தில் அம்புக்குறிகள். “உயிரினங்களின் கட்டமைப்பினதும் தொழிற்பாட்டினதும் அடிப்படை அலகு கலம்” என்று குப்பி லாம்பு வெளிச்சத்தில் ஆடி ஆடிப் பாடமாக்கினேன். கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கலம் என்பது எத்தனை பெரியது, எங்கே இருக்கிறது, என் விரலில் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆனாலும் அந்தச் சொற்கள் எனக்குப் பிடித்திருந்தன. இலங்கைப் பாடப்புத்தகத் தமிழில் உயிரியல் படித்தவர்களுக்கு இது புரியும். இழைமணி, பச்சையவுருமணி, நிறமூர்த்தம், குழியவுரு, புன்வெற்றிடம். மைற்றோகொண்ட்ரியா என்ற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் வருவதே இழையும் மணியும்தான் என்று பின்னாளில் அறிந்தபோது, அந்தச் சொல்லை ஆக்கியவரைத் தேடிப் போய்க் கும்பிட வேண்டும் போலிருந்தது. உறவினர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பாடப்புத்தகம் ஒன்று எங்கள் வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் கலம் என்ற சொல்லே இல்லை. செல் என்றிருந்தது. பிரசாரணம் அங்கே சவ்வூடு பரவல். நுணுக்குக்காட்டி அங்கே நுண்ணோக்கி. ஒரே தமிழில் இரண்டு விஞ்ஞானமா என்று முதலில் குழம்பினோம். எனக்கோ கலம் என்ற சொல்தான் மனத்தில் ஒட்டியது. கலம் என்றால் பாத்திரம். எதையோ ஏந்தி வைத்திருப்பது.

ஓ.எல். முடிந்து மாத்தளை நகரத்துப் பாடசாலையில் உயர்தரம் சேர்ந்தேன். அப்போது உயிரியல் என்று ஒரு பாடமில்லை. தாவரவியல் வேறு, விலங்கியல் வேறு. தாவரவியலுக்கு வடமராட்சியைச் சேர்ந்த ஒரு சேர் வந்திருந்தார். மெலிந்தவர், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு சவர அலகு கடதாசியில் சுற்றியபடி இருக்கும், இலை தண்டு சீவுவதற்கு. அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் புதிது. நாங்கள் படம் வரைவோம், அவர் கீறச் சொல்வார்.

முதல் வகுப்பில் ஹூக்கின் கதையைச் சொன்னார். 1665இல் ரொபேட் ஹூக் என்ற இங்கிலாந்துக்காரர் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார், சிற்றறைகளைப் போல வரிசையாகத் தெரிந்ததால் அந்தப் பெயரையே வைத்தார் என்றார். பிறகு எங்களைப் பார்த்து, “லயத்துக் காம்பிறா மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ” என்றார். எனக்கு உடனே படம் விழுந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, சுவருக்குச் சுவர் ஒட்டி, ஒரு கூரையின் கீழ் வரிசையாக. இதில் படிக்க என்ன இருக்கிறது, நான் பிறந்ததே அங்கேதானே என்று நினைத்தேன்.

அவர் அங்கே நிறுத்தவில்லை. “ஆனா ஹூக் கண்டது சுவரை மட்டும்தான். தக்கையில இருக்கிறது செத்த கலம். உள்ளுக்கு ஒண்டுமில்லை. குடியிருந்த ஆக்கள் போன பிறகுதான் அவர் காம்பிறாவைப் பார்த்திருக்கிறார்.”

எங்கள் லயத்தில் கோடிக் காம்பிறா அப்படித்தான் இருந்தது. பெரியப்பா குடும்பம் இருந்த காம்பிறா. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு எழுதப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய முறை வர வருடக்கணக்கானது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒருநாள் தகரப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தலைமன்னாருக்கு ரயிலேறிப் போனார்கள். அடுத்த நாள் நான் அந்தக் காம்பிறாவுக்குள் போய் நின்றேன். அடுப்புக் கரி படிந்த சுவர், அக்கா கரிக்கட்டையால் எழுதிப் பழகிய அ, ஆ, கயிறு கட்டிய ஆணி. மற்றபடி ஒன்றுமில்லை. அந்தச் சுவர்களைப் பார்த்து அங்கே என்ன சமைத்தார்கள், யார் யாருடன் சண்டை போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. செத்த கலத்துக்கும் உயிருள்ள கலத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த ஒரு வசனத்தில் விளங்கியது. அதற்குமுன் படித்த பத்துப் பக்கங்களில் விளங்கவில்லை.

செய்முறை வகுப்பு அடுத்த வாரம். எங்கள் நுணுக்குக்காட்டிகளில் மின்குமிழ் கிடையாது. கீழே ஒரு சின்னக் கண்ணாடி, அதைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாத்தளையில் பிற்பகலானால் மழை இருட்டிவிடும். அதனால் சேர் காலையிலேயே மேசைகளை விறாந்தைக்கு இழுத்துப் போடச் சொல்வார். முதலில் வெங்காயத் தோல். அதற்குத் தம்புள்ளையிலும் கலேவெலையிலும் விளையும் பம்பாய் வெங்காயம். சதையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சவ்வை இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரு சத்தமுமில்லாமல் வந்துவிடும். அதன் பிறகு ரியோ.

ரியோ தோலை உரிப்பதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். இலையைச் சரிவாகக் கிழித்தால் கிழிந்த ஓரத்தில் ஊதாத் தோல் மட்டும் ஒரு நூலிழை அகலத்துக்குத் தனியே நிற்கும். அந்த விளிம்புதான் வேண்டும். பச்சை ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. மூன்று முறை கிழித்து, நாலாவது முறை கிடைத்தது. கவர் சிலிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, காற்றுக்குமிழி புகாமல் மெல்ல இறக்கினேன். சின்ன வில்லையில் முதலில் வெறும் மங்கல். சில்லைத் திருகத் திருக, ஊதாப் புகை திரண்டு கோடாகி, கோடு கட்டமாகி, கண்முன்னே தேன்கூடு விரிந்தது. ஒவ்வொரு கட்டமும் ஊதா நிறத்தால் நிரம்பியிருந்தது. அவற்றின் நடுவே அங்கங்கே நிறமில்லாத சில கலங்கள் சூழ்ந்திருக்க, இரண்டு அவரை விதைகளை எதிரெதிரே வைத்ததுபோல இலைவாய். அந்த விதைகளுக்குள் பச்சை மணிகள். பச்சையவுருமணி என்று நான் ஆடி ஆடிப் பாடமாக்கியது அங்கே எண்ணக்கூடியதாக இருந்தது. அது அச்சிட்ட படமல்ல. நான் காலையில் பிடுங்கிய இலை.

“என்ன தெரியுது, பிள்ளை?”

“ஊதா ஊதாவா கட்டம் தெரியுது சேர். வாயும் தெரியுது.”

“கீறு.”

கீறினேன். கூடவே, புத்தகத்தில் இருந்ததுபோல இழைமணியும் அதன் உள்மடிப்புகளும், அகமுதலுருச் சிறுவலையும் சேர்த்துக் கீறிப் பெயரிட்டேன். விட்டுவிட்டால் புள்ளி குறையும் என்ற பயம். சேர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். பென்சிலால் அந்த இழைமணியைச் சுற்றி வட்டமிட்டார்.

“இதை நீ கண்டனியோ?”

“புத்தகத்தில இருக்கு சேர்.”

“புத்தகத்தில இருக்கிறது அதை எழுதினவை கண்டது. உன்ர கொப்பியில நீ கண்டது மட்டும்தான் இருக்கோணும்.” இழைமணியின் உள்மடிப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியில்தான் காணலாம், அது படமாக வந்ததே 1950களில்தான், அதைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டவர்கள் இருக்க நீ எப்படி இந்த விறாந்தையில் இருந்து கண்டாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பத்துக்கு மூன்று போட்டார். அடுத்த வாரம் நான் கண்டதை மட்டும் கீறினேன். பக்கத்தில் பாதி வெறுமையாக இருந்தது. ஒன்பது போட்டார்.

அந்த வெறுமையான பாதிப் பக்கத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்காகக் கீறும் படங்களில் வெற்றிடமே இருக்காது. எல்லாம் நிரம்பியிருக்கும், எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும், ஒன்றையும் கண்டிருக்க மாட்டார்கள். காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கம் பன்னிரண்டு வயதில் கொப்பியில் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பது என் கவலை.

அதே ரியோவில்தான் பிரசாரணமும் படித்தோம். ஆய்வுகூடத்தில் சுக்குரோசு முடிந்திருந்தது. கடைச் சீனியும் சுக்குரோசுதானே என்று சங்கக்கடையில் அரைக் கிலோ சீனி வாங்கிவரச் சொன்னார் சேர். ஒரு லீற்றர் கரைசலில் 342 கிராம் சீனி இருந்தால் ஒரு மோல். எங்களுக்கு நூறு மில்லிலீற்றர் போதும், அரை மோல் செறிவுக்கு 17 கிராம் சொச்சம். வீட்டில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிக்கிற எங்களுக்குச் சீனியைத் தராசில் நிறுப்பதே பெரிய காரியமாக இருந்தது.

கவர் சிலிப்பின் ஒரு ஓரத்தில் சீனிக்கரைசலைத் துளியாக விட்டு, மறு ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சினோம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கலத்தின் மூலையில் ஊதா நிறம் சுவரைவிட்டு விலகியது. அடுத்த மூலையிலும் விலகியது. சுவர் அப்படியே நின்றது. உள்ளே இருந்தது மட்டும் ஒதுங்கி, உருண்டு, நடுவில் ஓர் ஊதாப் பந்தாக நின்றது. முதலுருச் சுருக்கம். ஹூக் காணாத ஆள் அதோ காம்பிறாவின் நடுவில் குந்திக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. புன்வெற்றிடம் என்ற பெயரைப் பார்த்து அது வெறும் இடம் என்று எண்ணியிருந்தேன். அந்த ஊதா முழுவதும் அதற்குள் இருந்த சாறு. பிறகு சேர் வெறும் நீரை விடச் சொன்னார். பந்து மெல்லப் பெருத்துச் சுவர்வரை போய் ஒட்டிக்கொண்டது. செத்த கலம் இதைச் செய்யாது என்றார். ஒரு சீவலைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் காட்டினார். ஊதா நிறம் வெளியே கசிந்து நீரெல்லாம் பரவியிருந்தது, மென்சவ்வு போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை சீனி விட்டாலும் அந்தக் கலங்கள் சுருங்கவுமில்லை, நிமிரவுமில்லை.

செறிவை மாற்றி மாற்றி விட்டு, நூறு கலங்களில் ஐம்பது சுருங்கியிருக்கும் கரைசல் எது என்று எண்ணிப் பிடிப்பதுதான் பரிசோதனை. எண்ணி முடிய என் இடது கண் சிவந்துவிட்டது.

அந்த வருடம் தேயிலை இலையையும் பார்த்தேன். தேயிலைத் தோலை ரியோபோல உரிக்க வராது. சேர் ஒரு வழி சொன்னார். நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸை இலையில் மெல்லப் பூசிக் காயவிட்டு, ஒட்டுநாடாவால் இழுத்து எடுத்தால் இலையின் அச்சு வந்துவிடும். தோழி ஒருத்தியின் போத்தலில் பாதி தேயிலைக்குச் செலவானது. மேற்பக்க அச்சில் ஓர் இலைவாய்கூட இல்லை. கீழ்ப்பக்க அச்சில் எண்ணி மாளாது. அன்றிரவு கொப்பியை அம்மாவிடம் காட்டினேன். அவர் இருபது வருடமாக நாளும் பொழுதும் தொட்ட இலை.

“ஏன் புள்ள, தேயிலைக்கு வாயி இருக்கா?”

“இருக்கும்மா. கீழ்ப்பக்கமா.”

“கீழ்ப்பக்கமாவா மூச்சு விடுது? மழ தண்ணி போகாம இருக்கத்தான் அப்படி வச்சிருக்கு போல.” லாம்பைக் கிட்டே இழுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா மூன்றாம் வகுப்புப் படித்தவர். அவர் கேட்டது விஞ்ஞானக் கேள்வி. தாவரவியல் புத்தகமும் இலைவாய் ஏன் கீழ்ப்பக்கத்தில் அதிகம் என்பதற்கு விடை தேடுகிறது, நீர் இழப்பைக் குறைக்க என்று.

வாய் இருந்தால் அதன் வழியே வேண்டாததும் உள்ளே போகும். இதைக் கோப்பி இலையில்தான் படித்தேன். எங்கள் லயத்துக்குப் பின்னால், கிணற்றுப் பாதையோரம், யாரும் நடாத இரண்டு கோப்பிச் செடிகள் உண்டு. அவற்றின் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கும். விரலால் தொட்டால் மஞ்சள்தூள்போல ஒட்டும். சிறுவயதில் அதை எடுத்துப் பொட்டு வைத்து விளையாடியிருக்கிறோம். அந்த இலையை ஒருநாள் கொப்பிக்குள் வைத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். சேர் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இது என்னெண்டு தெரியுமோ? இந்தத் தூள்தான் உங்கட ஆக்களின்ர தலைவிதியை மாத்தினது.”

தூளை நீரில் கரைத்து நாற்பது மடங்கு வில்லையில் பார்த்தேன். தோடம்பழச் சுளைகளைக் கொட்டியது போலிருந்தது. ஒவ்வொரு சுளையின் வளைந்த முதுகிலும் முட்கள், வயிற்றுப் பக்கம் வழவழப்பு. அது ஒரு பங்கசின் வித்தி. ஒவ்வொன்றும் ஒரு கலம். பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். முதற்சொல் பாதி வழவழப்பைக் குறிக்கும். இரண்டாவது, பாழாக்குபவள் என்று பொருள்.

மிச்சத்தைச் சேர் சொன்னார், பின்னாளில் நானும் தேடிப் படித்தேன். இலங்கை கோப்பி நாடாக இருந்த காலம் அது. தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையால் நடந்து, வழியில் கொலராவுக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து, மலையில் முதலில் மூச்சு வாங்கிய ஊர் மாத்தளை. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இந்தச் செம்மஞ்சள் புள்ளியை முதலில் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்த துவெயிற்ஸ் நோய்பட்ட இலையை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்கிலி என்ற பங்கசு அறிஞர் பார்த்துப் பெயர் வைத்தார். பங்கசுதான் காரணம் என்பதைத் தோட்டத் துரைமார் பலர் நம்பவில்லை. மண் சரியில்லை, மழை கூடிவிட்டது, பசளை போதாது என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கும் மேல் கழிந்து, 1880இல்தான் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் வரவழைத்தது. அதே 1880இல்தான் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதையும் வந்து சேர்ந்தது. அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டதோ, அந்தக் கோப்பி அதற்குள் நோயில் விழுந்துவிட்டது.

வார்ட் இரண்டு வருடம் இங்கே இருந்தார். அவர் செய்தது நாங்கள் விறாந்தையில் செய்த அதே வேலை, இன்னும் பொறுமையாக. வித்தியை நீர்த்துளியில் வைத்து அது முளைப்பதைக் காத்திருந்து பார்த்தார். முளை இலைமேல் ஊர்ந்து போய், இலைவாயைத் தேடி, அதற்குள் நுழைவதைக் கண்டார். தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் பறந்து வரும் வித்திகளைப் பிடித்தார். கண்டதைக் கீறினார், எழுதினார். ஒரே பயிரை மலை மலையாக இடைவெளியில்லாமல் நட்டதால்தான் நோய்க்கு இவ்வளவு இலகுவாயிற்று என்பதை எடுத்துக் காட்டினார். ஆனால் நோயை நிறுத்தும் மருந்து அவரிடம் இல்லை, நேரமும் போய்விட்டிருந்தது. கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறினார்கள். என் அம்மாவின் கையில் தேயிலைக் கொழுந்து வந்தது அப்படித்தான்.

1869இலேயே யாராவது ஒருவர் இரண்டு வருடம் உட்கார்ந்து அந்தத் தூளைப் பார்த்திருந்தால் என்று நான் இன்னும் நினைப்பதுண்டு. கோப்பி தப்பியிருக்குமா என்பது வேறு. பார்க்காமலே காரணம் சொல்லிக் கழித்த பத்து வருடத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை.

உயர்தரம் தேறி, பேராதனையில் பட்டம் படித்து, நானும் ஆசிரியையானேன். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறியது, இழைமணியை விட்டுப் பிரிய ஒரு வருடம் எடுத்தது. இப்போது வகுப்பில் மறுபடி இழைமணி என்றுதான் சொல்கிறேன். சேர் இப்போது இல்லை. அவருடைய பென்சில் வட்டமிட்ட அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது, இழைமணியோடும் மூன்று புள்ளியோடும்.

தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆய்வுகூட அலுமாரியின் சாவியை வைத்திருக்கும் ஆசிரியர்களிடமும் அதிபர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெட்டியைத் திறவுங்கள். வில்லை உடைந்தால் உடையட்டும், பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது கண்ணை வைத்துப் பார்க்கட்டும், பார்த்ததை மட்டும் கீறட்டும். செலவு ஒன்றுமில்லை. வெங்காயம் தம்புள்ளையிலிருந்து வருகிறது. ரியோ எல்லா வாசலிலும் நிற்கிறது. எங்கள் லயத்துக்குப் பின்னால் அந்த இரண்டு கோப்பிச் செடிகளும் இன்னும் இருக்கின்றன, இலையின் அடியில் அதே செம்மஞ்சள் தூளுடன்.